தரை காயும்வரை

கம்பியில் தொங்கிய படங்கு நனைந்திருந்தது.

தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறிக்கும் பொம்பளைகள் மழைக்கும் குளிருக்கும் இடுப்பைச் சுற்றிக் கட்டிக்கொள்ளும் கனத்த சாக்குதான் படங்கு. நாலைந்து வருசம் மலையேறி இறங்கி நைந்து போனால், அப்புறம் அதற்கு மிச்சமிருக்கும் உத்தியோகம் தரை துடைப்பது. பெரிய கிளாக்கர் ஐயா வீட்டுச் சமையல்கட்டில், அடுப்புக்கு நேர் மேலே கட்டிய கம்பியில் அப்படியொரு படங்கு கிடந்தது. முந்தின நாள் சாயங்காலம் சுகிர்தம் அதைத் தொட்டுப் பார்த்தாள். புகையில் காய்ந்து அப்பளம் மாதிரி மொடமொடத்தது. இன்றைக்கு விடியற்காலையில், மேக்கணக்குப் பிரிவில், வேலைக்கு ஆள் கூட்டும் பெரட்டுக்குத் தப்படிக்கும் சத்தம் கேட்டு எழுந்து, அடுப்புப் பற்றவைக்கக் குனிந்தவளின் பிடரியில் சில்லென்று ஒரு சொட்டு விழுந்தது.

வெளியே மழைதான். றொசல்லையில் ஆடி ஆவணியில் மழை பெய்யாத நாளைச் சொல்லச் சொன்னால் ஸ்டேசன் மாஸ்டர்கூட முழிப்பார். கூரை ஒழுகியிருக்குமோ என்று அண்ணாந்து பார்த்தாள். தகரம் கரி பிடித்து, காய்ந்து, எப்போதும்போல் இருந்தது. நனைந்திருந்தது படங்கு மட்டும்தான். அதுவும் மழையில் நனைந்த நனைப்பு இல்லை. நன்றாகத் தரையில் போட்டு ஒற்றி எடுத்து, முறுக்கிப் பிழிந்து, காயப்போட்ட ஈரம்.

போட்டிருந்த விதமும் சரியில்லை. சுகிர்தம் எதையும் கம்பியில் விசிறி எறிகிறவள். அது எப்படி விழுகிறதோ அப்படித்தான் காயும். இதுவோ இரண்டு முனையும் சரிசமமாகத் தொங்க, நடுவில் ஒரே ஒரு முறுக்கு விட்டுப் போட்டிருந்தது. அப்படிப் போடுகிற ஒரே ஒரு ஆளைத்தான் அவளுக்குத் தெரியும். அந்த ஆள் கோயிலுக்குப் பின்னால் மண்ணுக்குள் படுத்து இரண்டு வருசமாகிறது.

"சேசுவே," என்றாள் சுகிர்தம். பிறகு, மறதிக்காரி நானேதான் துடைத்திருப்பேன் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு அடுப்பை ஊதினாள். ஆளில்லாத வீட்டில் இப்படித்தான், மனுசி தன்னையே ஏமாற்றிக்கொள்ள வேண்டியிருக்கிறது.

வீட்டுக்காரர்கள் ஊரில் இல்லை. பெரிய கிளாக்கர் ஜெயரத்தினமும் அவர் சம்சாரம் ஜெகதீஸ்வரியும் யாழ்ப்பாணத்து ஆட்கள். நல்லூர்த் திருவிழாவுக்கென்று லீவு போட்டுவிட்டுப் போய்ப் பத்து நாளாகிறது. புறப்படுகிற அன்று அம்மா குடையை விரித்தபடியே வாசலில் நின்று சொன்னார்:

"சுகிர்தம், நாங்கள் வர இருவத்தஞ்சு நாளாகும். இரவில லயத்தில உன்ர வீட்டுக்குப் போகாத, இங்கேயே படு. பிரிட்ஜை நிப்பாட்டாத, உள்ளுக்க மணக்கும். கீழ தண்ணி நிண்டா உடன துடைச்சுப்போடு. அந்தப் பலகை இன்னும் ஊதினா ஐயா என்னைத்தான் பேசுவார்."

"சரிங்கம்மா," என்றாள் சுகிர்தம். பன்னிரண்டு வருசமாக அந்த வீட்டில் அவள் அதிகம் சொன்ன சொல் அதுதான்.

பிரிட்ஜ் நின்றது சமையல்கட்டுக்கும் சாப்பாட்டு அறைக்கும் நடுவிலுள்ள சிமெந்து நடையில். ஐயா கொழும்பில் இரண்டாங்கையாக வாங்கி, ரயிலில் ஏற்றி, ஸ்டேசனிலிருந்து நாலு பேர் காவுதடி போட்டுத் தூக்கி வந்த பழைய பெட்டி. வெள்ளை நிறம் மங்கி, பல்லுக் கறை மாதிரி மஞ்சளாகிவிட்டது. கதவு சரியாகப் படியாது. மேல் தட்டில் ஐஸ் ஒரு சாண் கனத்துக்குக் கட்டிக்கொள்ளும். கரண்ட் நின்றால் அத்தனையும் உருகி, கீழ்த்தட்டம் நிரம்பி, சிமெந்தில் வழிந்து, வாசற்படியைத் தாண்டிச் சாப்பாட்டு அறையின் மரத்தரைக்குள் போகும். அங்கே முதல் பலகை இரண்டு வருசமாக வீங்கிக் கறுத்துக் கிடந்தது. மழையோ வெயிலோ, அதில் கால் வைத்தால் உள்ளங்காலில் ஈரம் ஒட்டும். இரண்டு வருசமாகச் சுகிர்தம் அதில் கால் வைத்ததில்லை, தாண்டித்தான் போவாள்.

அம்மா நிப்பாட்டாதே என்றுதான் சொன்னார். ஆனால் அந்த வீட்டில் தனியாகப் படுத்துக்கொண்டு, இருட்டில் அந்தப் பெட்டி உறுமுவதைக் கேட்டுக்கொண்டிருக்க அவளால் முடியவில்லை. முதல் நாளே, பொழுது சாய்ந்ததும், கதிரையில் ஏறி, ஒரு காய்ந்த விறகுக் குச்சியால் மெயின் சுவிட்சைத் தட்டி இறக்கினாள். வீடே மூச்சை நிறுத்தியது போலிருந்தது. அதன் பிறகு குப்பி லாம்பு, செபமாலை, படுக்கை. விடிந்ததும் திரும்பப் போட்டுவிடுவாள். தினமும் இதுதான்.

அப்படியென்றால் தினமும் ஐஸ் உருக வேண்டும். தினமும் நடையில் தண்ணீர் நிற்க வேண்டும். படங்கு நனைந்திருந்த அந்தக் காலையில், தேயிலைத் தண்ணீர்க் கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டிருந்தபோதுதான் அந்த யோசனை வந்தது. எழுந்து போய்ப் பார்த்தாள். கீழ்த்தட்டம் தளும்பி நின்றது. நடைச் சிமெந்து மட்டும் சுத்தமாக, துடைத்த கோடுகள் தெரிய, காய்ந்துகொண்டிருந்தது. பத்து நாளாக அவள் அந்தத் தரையைத் துடைக்கவேயில்லை.

அன்று சாயங்காலம் படங்கைக் கம்பியிலிருந்து எடுத்து, விறகுப் பெட்டிக்கு அடியில் திணித்து, மேலே விறகை அடுக்கினாள். மறுநாள் காலை விறகு அடுக்கியது அடுக்கியபடி இருந்தது. படங்கு கம்பியில் தொங்கியது, முனைக்கு முனை சமமாக, நடுவில் ஒரு முறுக்கோடு. அதிலிருந்து பழைய வெண்ணெய் வாடையும், அதற்குள்ளே மெல்லியதாக, பொசுங்கிய சணல் வாடையும் வந்தது.

அந்தப் பொசுங்கல் வாடையை அவள் மூக்கு மறக்கவே இல்லை.

எண்பதாம் வருசம் அது. அவள் மகள் பெற்றீசியாவுக்கு அப்போது பதினேழு வயது. பேர் பதியாமலே கொழுந்துக்குப் போய்வந்தாள், அடுத்த மாசம் தோட்டத்தில் பேர் பதிய இருந்தாள். தகப்பன் இல்லாத புள்ளை. காலையிலிருந்து கரண்ட் இல்லை. பிரிட்ஜ் உருகித் தண்ணீர் மரத்தரைக்குள் ஓடியதைக் கண்ட அம்மா, சுகிர்தத்தை நிற்கவைத்துப் பேசினார். பேச்சு வாங்கின எரிச்சலை யார்மேல் காட்டுவது? பெற்ற புள்ளைதான் கைக்கெட்டுகிற தூரத்தில் நின்றது. அன்றைக்கு அவளும் வேலைக்கு ஒத்தாசையாக வந்திருந்தாள், கூட்டாளிப் புள்ளையின் சடங்குக்குச் சீக்கிரமாகப் போகவேண்டுமென்று அவசரப்பட்டுக்கொண்டு.

"சடங்கும் மண்ணாங்கட்டியும்! சொட்டு ஈரம் இருக்கக் கூடாது. தரை காயாம வீட்டுப் பக்கம் தலை காட்டாத, சொல்லிட்டேன்!"

இதுதான் சுகிர்தம் மகளிடம் பேசிய கடைசிப் பேச்சு.

பிளக்கைப் பிடுங்கிவிட்டுத் துடை என்று சொல்லியிருக்கலாம். சொல்லத் தோன்றவில்லை. பிளக்கு, சுவிட்சு, மெயின் எல்லாம் வேலைக்காரர் தொடக்கூடாத சாமான். என்ன கோளாறென்றாலும் பெக்டரியிலிருந்து ஆள் வந்துதான் கைவைக்க வேண்டும். அது தோட்டத்துச் சட்டம். போதாததற்கு, கரண்ட்தான் இல்லையே, அப்புறம் என்ன பயம்? அவள் பின்பக்கம் போய் விறகு பிளந்தாள். ஏழெட்டுக் கட்டை பிளந்திருப்பாள். உள்ளே பிரிட்ஜ் "ம்ம்ம்" என்று உறுமத் தொடங்கியது. கோடாலியை ஊன்றி, நெற்றியைத் துடைத்துக்கொண்டு, சந்தோசமாக, வாய்விட்டுச் சொன்னாள்:

"அப்பாடா, கரண்ட் வந்திருச்சு."

சொல்லிவிட்டு இன்னும் இரண்டு கட்டையும் பிளந்தாள். அந்த இரண்டு கட்டையைத்தான் அவளால் மன்னிக்கவே முடியவில்லை.

எலி கடித்த வயர், ஈரத் தரை, வெறுங்கால், கையில் ஈரச் சாக்கு. பெக்டரி மின்சாரக்காரன் கந்தப்பன் வந்து காரணம் சொன்னான். அம்மா விழுந்து விழுந்து அழுதார், தன் வெள்ளைச் சேலையைப் புள்ளைக்குப் போர்த்தினார். எல்லோரும் குழிக்குப் போய்த் திரும்பி வரும்வரை அந்தத் தண்ணீரைத் துடைக்க ஆளில்லை. அது பலகைக்குள்ளேயே இறங்கிவிட்டது. வயரை மாற்றினார்கள். பெட்டி அங்கேயே நின்றது. சுகிர்தமும் அங்கேயே வேலைக்கு வந்தாள். ஏன்டி போறே என்று லயத்தில் கேட்டார்கள். அந்தத் தரையை வேறு எவளாவது மிதிப்பதை அவளால் பொறுக்க முடியாது. அதைப் போய் யாரிடம் சொல்வது?

மூன்றாம் நாள் காலை, அந்தப் பக்கமாக லைன் பார்க்கப் போன கந்தப்பனைக் கூப்பிட்டாள். இரவில் மெயினை இறக்குவதை மறைக்காமல் சொன்னாள். அவன் மழைத்தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தான்.

"அதான்க்கா தண்ணி. பகல்ல ஐஸ் கட்டுது, ராவுல உருகுது. இப்படியே விட்டீங்கன்னா பலகை மட்டுமில்ல, கீழ இருக்கிற மரச்சட்டமும் உளுத்துப் போயிரும். ஒண்ணு ஓடவிடுங்க, இல்லாட்டி முழுசா நிப்பாட்டிருங்க. பிளக்கைப் பிடுங்கி, சாமானெல்லாம் எடுத்துட்டு, ஐஸை உருகவிட்டு, கதவைத் திறந்து வச்சிருங்க. இந்தப் பலகையைக் கழட்டிக் கீழே காத்துப் போகவிட்டு, பக்கத்துல கங்குச்சட்டி வச்சா ரெண்டு நாள்ல காஞ்சிரும்."

"ரெண்டு வருசமா காயலியே தம்பி."

"யாருக்கா கழட்டிக் காயவச்சா? மேலால துடைச்சா காயுமா?" அவன் கம்பியில் கிடந்த படங்கைப் பிடித்துப் பார்த்தான். "நல்லாத்தான் பிழிஞ்சிருக்கீங்க. யாரு கூட ஒத்தாசைக்கு?"

"யாரும் இல்லியே."

"வெளையாடாதீங்க. ஒத்த ஆளு படங்க இந்த இறுக்கு இறுக்க முடியுமா?"

முடியாது. மலையில் வேலை செய்த எந்தப் பொம்பளைக்கும் அது தெரியும். நனைந்த படங்கு ஆட்டுக்குட்டி கனம் கனக்கும். வேலை விட்டு வந்ததும் ஆளுக்கொரு முனையைப் பிடித்துக்கொண்டு, எதிரெதிராய் நின்று, ஒருத்தி வலப்பக்கமும் ஒருத்தி இடப்பக்கமுமாக முறுக்குவார்கள். பெற்றீசியா லயத்து வாசலில் வந்து நின்றதும் முதல் வேலையாக ஒரு முனையை நீட்டுவாள். சுகிர்தம் உள்ளிருந்தபடியே பிடித்துக்கொள்வாள். வாய்ப் பேச்சே வேண்டியதில்லை.

கந்தப்பன் போன பிறகு சுகிர்தம் தன் உள்ளங்கைகளை விரித்துப் பார்த்தாள். இரண்டிலும் சிவப்பாக, சணல் முறுக்கின் தடம். முகர்ந்தாள். சாக்கு வாடை.

அன்று இரவும் மெயினை இறக்கினாள், செபமாலை ஐந்து காரணிக்கமும் முடிந்தது. தூக்கம் வரவில்லை, வரவும் விடவில்லை. கையைச் சேலைத் தலைப்பால் கட்டிலோடு சேர்த்துக் கட்டிக்கொண்டு படுத்தாள். மழை விட்டு விட்டுப் பெய்தது. எங்கேயோ ஒரு நாய் குரைத்து அடங்கியது. கண்ணாடி யன்னலில் விடியலின் சாம்பல் நிறம் ஏறத் தொடங்கிய நேரம், நடைப் பக்கமிருந்து அந்தச் சத்தம் வந்தது.

சரக்... சரக்...

அவசரமில்லாத சத்தம். நாள் முழுக்க வேலை செய்தாலும் முடியாத தரையைத் துடைக்கிறவர்களின் சத்தம். ஒரு இழுப்பு, ஒரு நிறுத்தம், குண்டானில் சளசளவென்று தண்ணீர் விழுவது. மறுபடி இழுப்பு.

முடிச்சை அவிழ்த்தாள். கதவை ஒரு விரல் அகலம் திறந்தாள். மங்கல் வெளிச்சத்தில் முதலில் தெரிந்தது இரண்டு குதிகால்கள். வெடித்த குதிகால்கள், குந்தியிருக்கும் ஆளின் குதிகால்கள், தண்ணீருக்கு நடுவில். அதற்கு மேலே ஒரு வெள்ளைச் சேலையின் ஓரம், மண் கறையோடு. குந்தியபடியே பின்னால் நகர்ந்து நகர்ந்து துடைத்துக்கொண்டு வந்தது. முகம் மறுபக்கம். வீங்கிய பலகைக்கு வந்ததும் நின்றது. கையை வைத்துத் தடவியது. ஈரம். மறுபடி படங்கைப் போட்டு ஒற்றியது. மறுபடி தடவியது. மறுபடி ஈரம்.

அந்தத் தோள் குலுங்கியது. அழுகிறாள்.

கூப்பிட வேண்டும் என்று சுகிர்தத்தின் நெஞ்சு முட்டியது. புள்ள, விடும்மா, போதும்மா. வாயைத் திறந்தாள். வெளியே தப்புச் சத்தம் எழுந்தது. கண் சிமிட்டினாள். நடை வெறிச்சென்று கிடந்தது. கம்பியில் படங்கு சொட்டிக்கொண்டிருந்தது.

சுகிர்தம் அப்படியே தரையில் உட்கார்ந்து மாரில் அடித்துக்கொண்டு அழுதாள். பயத்தில் அழவில்லை. செத்த பிறகுமா வேலை? மண்ணுக்குள் போன புள்ளையைக் கூடவா ஒரு பலகை எழுப்பிக் கொண்டுவந்து முட்டி போட வைக்கும்? இரவெல்லாம் மெயினை இறக்கித் தண்ணீரை வரவைத்தது யார்? தன் பயத்துக்காக, தினமும் தன் கையாலேயே புள்ளைக்கு வேலை வைத்துவிட்டுச் செபமாலை உருட்டியிருக்கிறாள். ஈரம் இருக்கும்வரை அவளுக்கு ஓய்வில்லை. ஈரத்தை ஒழித்தால்?

அன்று அவள் வேலை செய்த மாதிரி வாழ்நாளில் செய்ததில்லை. இரண்டு வருசமாகத் தாண்டிப் போன பலகையில் முதல் தடவையாகக் கால் வைத்தாள். அம்மா சொன்னதும் தோட்டத்துச் சட்டமும் ஒரு பக்கம் கிடக்கட்டும் என்று, காய்ந்த கையால் பிளக்கைப் பிடுங்கி, வயரைச் சுற்றிப் பெட்டிக்கு மேலே வைத்தாள். வெண்ணெயும் ஜாம் போத்தல்களும் வெளியே வந்தன. ஐஸுக்கு அடியில் சுடுதண்ணீர்ச் சட்டி வைத்து, பெயர்ந்து விழுந்த துண்டுகளை வாளியில் அள்ளி வெளியே கொட்டினாள். கீழ்த்தட்டத்தைக் கழற்றிக் கவிழ்த்தாள். கதவு மூடாமல் இருக்க விறகுக் கட்டை ஒன்றை இடையில் செருகினாள். பிறகு ஆணிகளை நெம்பி, வீங்கிய பலகையைத் தூக்கினாள். அடியில் கரேலென்று ஈரம், பூஞ்சணம், வெள்ளை வேர் மாதிரி ஏதோ. சுரண்டினாள். அடுப்புச் சாம்பலை அள்ளிப் பரப்பி, ஈரத்தை உறிஞ்சவிட்டு, வாரி எடுத்து, மறுபடி பரப்பினாள். யன்னலைத் திறந்து வைத்து, கங்குச்சட்டியைத் தள்ளி வைத்து, பக்கத்திலேயே உட்கார்ந்து, சுற்றியிருந்த மரம் கருகாமல் பார்த்துக்கொண்டாள்.

முதல் இரவு தூங்கவேயில்லை. யாரும் வரவில்லை. இரண்டாம் நாள் சாயங்காலம் பலகை வெளுத்துவிட்டது. தட்டினால் டொக் டொக் என்றது. அதைத் திரும்பப் பொருத்தி, கன்னத்தை வைத்துப் பார்த்தாள். காய்ந்த மரத்தின் இளஞ்சூடு.

"காஞ்சிருச்சும்மா," என்று பலகையிடம் சொன்னாள். "சொட்டு ஈரம் இல்ல. போதும். இனி நீ வேலை செய்ய வேண்டாம்."

நெஞ்சுக்குள் இரண்டு வருசமாகக் கிடந்த கல் புரண்டது. இன்றைக்கு ஒரு இரவாவது தன் வீட்டில், தன் பாயில் படுக்க வேண்டும் என்று தோன்றியது. படங்கு கம்பியில் மொடமொடவென்று கிடந்ததை ஒரு தடவை தொட்டுப் பார்த்துவிட்டு, வீட்டைப் பூட்டி, மப்பு இறங்கிய தேயிலைக்கு நடுவே படிக்கட்டுப் பாதையில் லயத்துக்கு இறங்கினாள். மணி ஏழுகூட இருக்காது. வாசல் திண்ணையான இஸ்தோப்பில் பக்கத்துக் காம்பராக்காரி வேலாயி அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள்.

"என்னக்கா, இன்னைக்கு இங்கயா படுக்கை?"

"ஆமா புள்ள. வேலை முடிஞ்சிருச்சு."

தன் ஒற்றை அறைக் காம்பராவைத் திறந்தாள். குப்பி லாம்பைக் கொளுத்தி மாதா படத்துக்கு முன் வைத்தாள். சாணி மெழுகிய தரை, சுருட்டி வைத்த பாய், மூலையில் புள்ளையின் சீப்பு. கதவைச் சாத்தித் தாழ் போட்டாள். வெளியே வேலாயி சுளகைத் தட்டும் சத்தம் கேட்டது. பிறகு அவளும் உள்ளே போய்விட்டாள் போல.

சீப்பைக் கையில் எடுத்து வைத்துக்கொண்டு, வெகு நேரமாக அழுகை வராமல் உட்கார்ந்திருந்தாள்.

சளக்.

பாதைக் கல்லில் ஈரக் கால்.

சளக். சளக்.

வேலை விட்டு வரும் ஆளின் நடை. களைத்த நடை. ஆனால் இறங்குமுகத்தில் கொஞ்சம் அவசரம். வீடு கிட்டிவிட்ட அவசரம்.

சுகிர்தத்துக்கு அப்போதுதான் தன் வாய்ச்சொல் முழுசாக ஞாபகம் வந்தது. தரை காயாம வீட்டுப் பக்கம் தலை காட்டாத. அவள் போகச் சொல்லவில்லை. செத்துப் போ என்று சொல்லவில்லை. காய்ந்த பிறகு வா என்றுதான் சொன்னாள். சொல் பேச்சுக் கேட்கிற புள்ளை. இரண்டு வருசமாகத் துடைத்தது. காயவில்லை. அதனால் வரவில்லை.

இப்போது காய்ந்துவிட்டது.

இஸ்தோப்பில் காலடி ஏறியது. நின்றது. கதவைத் தட்டவில்லை. கூப்பிடவில்லை. பொசுங்கிய சணல் வாடை கதவிடுக்கில் நுழைந்தது. லாம்புச் சுடர் குறுகியது.

கதவுக்கு அடியில் ஏதோ வந்தது.

படங்கின் முனை.

சொட்டச் சொட்ட நனைந்த முனை. ஒரு சாண் நீளம். வந்து, நின்று, காத்திருந்தது.

சுவரோடு ஒட்டிக்கொண்டாள் சுகிர்தம். பிடிக்காவிட்டால் போய்விடுமா? போய்விடும். சொல் பேச்சுக் கேட்கிற புள்ளை. மழையில், இருட்டில், மறுபடி அந்த மண்ணுக்குள். ஒரு தடவை வராதே என்று சொன்ன வாய். இன்னொரு தடவை எப்படிச் சொல்லும்?

குனிந்தாள். பிடித்தாள்.

ஐஸ் மாதிரி குளிர். இரண்டு கையாலும் இறுக்கி, பழகிய பழக்கத்தில், வலப்பக்கம் முறுக்கினாள். கதவுக்கு அப்பால் மறுமுனை இடப்பக்கம் முறுகியது. அதே இழுப்பு. அதே பலம். பெற்ற வயிறு அடையாளம் கண்டுகொண்டது.

"புள்ள," என்றாள். கண்ணீர் கொட்டியது. "வந்துட்டியாம்மா."

தண்ணீர் பிழிந்து விழுந்தது. விழுந்துகொண்டே இருந்தது. சாணித் தரை கறுத்தது. குதிகால் நனைந்தது. கணுக்கால் நனைந்தது. ஒரு படங்கில் இவ்வளவு தண்ணீர் இருக்காது.

கையை விடப் பார்த்தாள்.

விரல் பிரியவில்லை.

அப்போது வெளியே, லயத்துக்குப் பின்பக்கம், யாரோ விறகு பிளக்கத் தொடங்கினார்கள். டக். டக். ஒழுங்கான, கோபமான வெட்டு. ஏழு கட்டை. எட்டு.

அந்த லயத்தில் கரண்ட் இல்லை. வயர் இல்லை. ஒரு நாளும் இருந்ததில்லை.

ம்ம்ம்ம்.

சுவரெல்லாம் உறுமியது. தண்ணீர் நடுங்கியது. மாதா படத்துக் கண்ணாடி நடுங்கியது.

கோடாலிச் சத்தம் நின்றது. நெற்றியைத் துடைத்துக்கொள்கிற ஒரு பொம்பளையின் மூச்சு. பிறகு சந்தோசமாக, வாய்விட்டு, ஒரு குரல். பெற்றீசியாவின் குரல் இல்லை. அது சுகிர்தத்தின் சொந்தக் குரல்.

"அப்பாடா, கரண்ட் வந்திருச்சு."

தண்ணீருக்கு நடுவில், வெறுங்காலில், சுகிர்தம் இரண்டு கையாலும் படங்கைப் பிடித்தபடி நின்றாள். வெளியே அடுத்த கட்டையை எடுத்து வைக்கும் சத்தம் கேட்டது.